ஸ்லைடில் ஒட்டியிருந்த இன்னொருத்தி

எனக்குச் சந்தேகப் புத்தி. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படித்துவிட்டு, முக்கியமான விஷயத்தை மறைத்துவிட்டேன் என்பார்கள். பால் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் வாங்க மாட்டேன். ஆட்டோவில் ஏறினால் ரோட்டைப் பார்க்க மாட்டேன், மீட்டரைத்தான் பார்ப்பேன். பெங்களூர் ஈஜிபுராவில் இருக்கும் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய், பூட்டை இழுத்துப் பார்ப்பதற்காகத் திரும்பி நடந்த நாட்களுக்குக் கணக்கில்லை. என் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் ஸ்டாப்பிலேயே நின்று பேப்பரைப் படித்து முடித்துவிடுவார்.

போன மாதம், நான் பல வருடம் வேலை பார்த்த ஆஸ்பத்திரி லேபுக்கு ஒரு எட்டுப் போய்வந்தேன். இப்போது அதற்குப் பொறுப்பு ரூபா. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு சேர்ந்த கன்னடப் பெண். என்னோடு சண்டை போட்டே தமிழ் கற்றுக்கொண்டவள். புதிதாக வந்த மெஷினைப் பெருமையாகக் காட்டினாள்.

"பார்கோடு மேடம். டப்பா மேலயும் அதே கோடு, ஸ்லைடு மேலயும் அதே கோடு. இனிமே ஒருத்தரோடது இன்னொருத்தருக்கு மாறவே மாறாது."

"தண்ணிக்கும் பார்கோடு ஒட்டியாச்சா?" என்று கேட்டேன்.

ரூபா புரிந்துகொண்டு சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற புதுப் பெண்களுக்குப் புரியவில்லை. "என்ன மேடம் அது, எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூற்றொன்றில். அப்பா அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. கன்டோன்மென்ட் பக்கம், சர்ச்சை ஒட்டிய தெருவில் வீடு. டெக்னீஷியன் டிப்ளமோ முடித்துவிட்டு, ரத்தம் பார்க்கும் பக்கம் போடுவார்கள் என்று நம்பிப் போனேன். சதைத் துண்டுகளை ஸ்லைடாக்கும் பக்கம் போட்டார்கள். முதல் மாதம் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாம் மாதம் ஃபார்மலின் வாடை மூக்குக்குப் பழகிவிட்டது. அதற்குமேல் பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. ஆபரேஷன் தியேட்டரில் வெட்டிய துண்டு பாட்டிலில் எங்களிடம் வரும். அதில் தேவையான இடத்தை டாக்டர் நறுக்கித் தருவார். அதைச் சின்ன உலோக டப்பியில் போடுவோம், கூடவே பென்சிலால் நம்பர் எழுதிய சீட்டு. பேனாவால் எழுதினால் மை கரைந்து போய், துண்டு அனாதையாகிவிடும். பிறகு ஆல்கஹாலில் ஊறவைத்துத் தண்ணீரை விரட்ட வேண்டும், சைலீனில் போட்டு ஆல்கஹாலை விரட்ட வேண்டும், உருகிய மெழுகில் போட்டு சைலீனை விரட்ட வேண்டும். கடைசியில் அதைப் பித்தளை அச்சில் மெழுகோடு வார்த்து ஐஸில் வைத்தால், சதையைத் தனக்குள் வைத்துக்கொண்ட ஒரு மெழுகுக் கட்டி கிடைக்கும். அதற்கு பிளாக் என்று பெயர்.

பிளாக்கை மைக்ரோடோம் என்ற மெஷினில் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினால், கத்தி முனையில் வெங்காயத் தோலைவிட மெல்லிய ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ரிப்பன் போல இறங்கும். அந்த ரிப்பனைத் தூரிகையால் ஏந்தி, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட வேண்டும். சூட்டில் சுருக்கம் விரியும். தண்ணீர் சூடு அதிகமானால் மெழுகு உருகி ஏடு கிழிந்து போகும். குறைந்தால் சுருக்கம் சுருக்கமாகவே நிற்கும். விரிந்த ஏட்டின் கீழே முட்டை வெள்ளைக்கரு தடவிய கண்ணாடியைச் சாய்வாக விட்டு, அலுங்காமல் ஏற்றி எடுக்க வேண்டும். எங்கள் லேபில் இதற்கு மீன் பிடிப்பது என்று பெயர்.

ஒரு பிளாக் முடிந்து அடுத்ததை மாட்டுமுன், தண்ணீரின் மேல்பரப்பைக் காகிதத் துண்டால் ஒரு இழுப்பு இழுத்து எடுத்துவிட வேண்டும். முந்தின ஏட்டிலிருந்து கிழிந்த பொடி ஏதாவது மிதந்துகொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதை விட்டால் அடுத்த ஆளின் ஸ்லைடில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒருத்தியின் நோய் இன்னொருத்தியின் கண்ணாடியில் ஏறிவிடும். இதைச் சுவரில் தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதி ஒட்டியிருந்தேன். மூன்று பாஷையிலும் கீழே கோடு போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு சாயம். எங்கள் குழாயில் காவேரித் தண்ணீர் வரும் நாளில் நீலம் ஏற நேரம் பிடிக்கும், போர்வெல் தண்ணீர் வந்தால் சட்டென்று ஏறும்; ஆகையால் எது வருகிறது என்று காலையில் கேட்டுவைத்துக்கொள்வேன். கேட்ட பிறகு நாக்கில் வைத்தும் பார்ப்பேன், சொன்னவன் பொய் சொல்லியிருந்தால்? கடைசியாக ஒரு சொட்டு டி.பி.எக்ஸ் பசை விட்டு மெல்லிய கண்ணாடியை ஓரத்திலிருந்து மெதுவாகச் சாய்த்து மூட வேண்டும். அவசரப்பட்டால் காற்றுக் குமிழி. குமிழி விழுந்த ஸ்லைடை டாக்டர் வசந்தி தொடவே மாட்டார்.

டாக்டர் வசந்திதான் எங்கள் மேடம். தாய்மொழி கன்னடம்; தமிழ் எங்களிடமிருந்து பொறுக்கியது. ஸ்லைடை உடனே மைக்ராஸ்கோப்பில் வைக்க மாட்டார். முதலில் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து வெறுங்கண்ணால் பார்ப்பார். எத்தனை துண்டு, எந்த இடத்தில், எப்படி ஏறியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் கண்ணை லென்ஸில் வைப்பார். பார்க்கும்போது பேச மாட்டார், பேசினாலும் பதில் வராது. திட்டவும் மாட்டார். மோசமான ஸ்லைடாக இருந்தால், எழுந்து வந்து, செய்தவரின் டிபன் பாக்ஸ் மேல் அதை வைத்துவிட்டுப் போய்விடுவார். சாப்பிடப் போகும்போது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கோபியின் டிபன் பாக்ஸ் மேல் வாரத்துக்கு ஒன்றிரண்டு இருக்கும். என்னுடையதன் மேல் இருந்ததே கிடையாது. அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது.

கோபி என்னோடு வேலை பார்த்த இன்னொரு டெக்னீஷியன். அத்திபெலேயிலிருந்து பஸ்ஸில் வருவான், பஸ் லேட் என்பான். அந்த பஸ் அப்படி லேட்டாகிறதா என்று ஒருநாள் நான் கண்டக்டரிடமே விசாரித்தேன். வேலை செய்யும்போது விசிலடிப்பான். தண்ணீரைச் சுத்தம் செய்தாயா என்று கேட்டால், "ஆச்சுக்கா" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வான். திரும்பிப் பார்க்காமல் சொல்லும் எதையும் நான் நம்புவதில்லை.

புதன்கிழமைகளில் பிளாக் மலைபோலக் குவியும். அன்றைக்கு மட்டும் நான் வெட்டுவேன், கோபி மீன் பிடிப்பான். மீன் பிடிப்பவர்தான் தண்ணீரையும் சுத்தம் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், லேப் ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது முப்பத்திரண்டு வயசிருக்கும். பெயர் மஞ்சுளா. ஆனேக்கலில் துணி தைப்பவள். மார்பில் கட்டி என்று வந்து, அதில் ஒரு துண்டை எடுத்து எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். கேன்சர் என்று ரிப்போர்ட் போயிருந்தது. மேல்மாடி வார்டில் சேர்த்து, திங்கட்கிழமை காலை மார்பையே எடுத்துவிடுவதாக சர்ஜன் சொல்லியிருக்கிறார்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. அந்தத் துண்டு என்னுதுதானா?"

"பின்ன யாருது?"

"இல்ல, எங்க கடையில அளவு சீட்டு மாறிப் போவுது மேடம். ஒருத்தங்க ஜாக்கெட்ட இன்னொருத்தங்களுக்குத் தெச்சுடுவோம். அந்த மாதிரி இங்க..."

"இங்க அப்படியெல்லாம் மாறாதும்மா. போய் சர்ஜன் சொல்றத கேளு."

எரிந்துவிழுந்தே சொன்னேன். ஊரையே சந்தேகப்படுகிற என்னை ஒருத்தி சந்தேகப்பட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். அவள் முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டு போனாள். அந்தக் கை போன விதம் மனசில் நின்றுவிட்டது. வீட்டுக்குக் கிளம்பப் பையை எடுத்தவள், மறுபடி வைத்துவிட்டு அவளுடைய ஸ்லைடை எடுத்துப் பழைய மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

ஸ்லைடைப் படிக்கும் வேலை எனக்கில்லை. ஆனாலும் தினமும் பார்த்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். டாக்டர் பேனாவால் புள்ளி வைத்த இடத்தில், துண்டின் ஓரத்தில், அந்தக் கெட்ட செல்கள் கொத்தாக இருந்தன. சந்தேகமே இல்லாத கேன்சர். ஆனால் மற்ற இடமெல்லாம் சாதாரணக் கட்டியாகவே தெரிந்தது. ஃபோகஸ் திருகை மெதுவாகத் திருப்பினேன். கொத்து தெளிவானபோது மற்றது மங்கியது. மற்றது தெளிவானபோது கொத்து மங்கியது. இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை. அது அந்தத் துண்டோடு சேர்ந்ததில்லை. மேலே வந்து ஒட்டிக்கொண்டது.

அப்போது என் மனசில் முதலில் வந்தது மஞ்சுளாவின் முகம் இல்லை. கோபியின் முகம். 'மாட்டிக்கிட்டான்' என்று நினைத்தேன். புதன்கிழமை வெட்டிய பிளாக் அது. தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அவன் விசிலடித்தது, காகிதத்தை எடுக்காமல் அடுத்த ஸ்லைடைக் கையில் எடுத்தது, எல்லாம் எனக்கு அப்படியே கண்ணில் தெரிந்தது.

டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தார். மறுநாள் சனிக்கிழமை காலையில் லேபுக்கு வந்தார், பன்னிரண்டு மணிவரை இருந்தார். அவருடைய அறை என் மேஜையிலிருந்து பத்து அடி. நான் போய்ச் சொல்லவில்லை. முழு ஆதாரத்தோடு போக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. கோபி தப்பிக்க வழியே இல்லாதபடி அவனைப் பிடிக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அந்த நேரம் பூராவும் மேல்மாடி வார்டில் ஒருத்தி திங்கட்கிழமையை எண்ணிக்கொண்டு படுத்திருந்தாள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மஞ்சுளாவின் பிளாக்கை மாட்டி இன்னும் ஆழமாக நாலு இடத்தில் வெட்டிச் சாயம் போட்டேன். ஒன்றிலும் அந்தக் கொத்து இல்லை. பிறகு பதிவேட்டைத் திறந்து அவளுக்கு முந்தின நம்பர் யாருடையது என்று பார்த்தேன். அறுபது வயசு அம்மா ஒருத்தர். கேன்சர் என்று முன்பே தெரிந்து மார்பை எடுத்திருந்தார்கள். அந்த ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன். ஏட்டின் ஒரு மூலை கிழிந்திருந்தது. கிழிந்த ஓரத்தில் ஒரு வளைவு, அதற்குக் கீழே ரம்பத்தில் இருப்பது போல ஒரு சின்னப் பல். மஞ்சுளாவின் ஸ்லைடில் ஒட்டியிருந்த கொத்தில் அதே வளைவு, அதே பல். கிழிந்த ரூபாய் நோட்டின் இரண்டு பாதியைச் சேர்த்து வைத்தது போல இருந்தது.

ரத்தம் எடுக்கும் அறையில் வேலை முடித்துவிட்டு கோபி வந்தபோது டாக்டர் கிளம்பிப் போயிருந்தார். அவனை உட்காரவைத்து இரண்டு ஸ்லைடையும் காட்டினேன். அவன் திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அய்யோ, இது மெதந்து வந்த பீஸுக்கா. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல."

"அது எனக்குத் தெரியும். புதன்கிழமை தண்ணியை இழுத்தியா, இல்லியா? அதச் சொல்லு."

"புதன்கிழமையா?" அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நான் ஏதுக்கா புதன்கிழமை? அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன்னு லீவு போட்டேனே. லெட்டர நீங்கதான வாங்கி வெச்சீங்க?"

என் மேஜை டிராயரை இழுத்தேன். லெட்டர் இருந்தது. அதன் மூலையில் என் கையெழுத்தில், 'கண் ஆஸ்பத்திரிச் சீட்டு கேட்க வேண்டும்' என்று எழுதியிருந்தேன். அந்த லீவு பொய்யோ என்று எனக்குச் சந்தேகம்.

ஸ்லைடை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுத்து முதல் தடவையாக வெறுங்கண்ணால் பார்த்தேன். கோபி எப்போதும் ஏட்டை நட்டநடுவில் எடுப்பான். நான் ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி எடுப்பேன். இது ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி இருந்தது. அன்றைக்கு வெட்டியதும் நான், மீன் பிடித்ததும் நான். ஒவ்வொரு புதன்கிழமையும் அவன் அங்கே உட்காருவதால், இல்லாத ஒருவனை நானே அந்த நாற்காலியில் உட்காரவைத்து விசிலடிக்கவும் வைத்துவிட்டேன்.

தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் நான் எப்படி விட்டேன்? அதற்கும் பதிவேட்டிலேயே பதில் இருந்தது. அந்த அம்மாவின் நம்பருக்கும் மஞ்சுளாவின் நம்பருக்கும் நடுவில், ஓரத்தில் ஒரு வரி: 'ஆல்கஹால் பாட்டிலில் அளவு குறைவு. அட்டெண்டரை விசாரிக்கவும்.' என் கையெழுத்துதான். வேலைக்கு நடுவில் எழுந்து போய், அட்டெண்டர் ஆல்கஹாலை வெளியே விற்கிறாரா என்று பாட்டிலைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்து உட்கார்ந்து, நேராக அடுத்த பிளாக்கை மாட்டியிருக்கிறேன்.

பதிவேட்டை மூடி வைத்தேன். கோபி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, மேடமுக்கு உடனே போன் பண்ணுங்க. நான்தான் பண்ணேன்னு சொல்லிடுங்க. அவங்க நம்பிடுவாங்க. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புதுசில்ல."

இவன் ஏன் இப்படிச் சொல்கிறான், இதில் இவனுக்கு என்ன ஆதாயம் என்று அப்போதுகூட ஒரு விநாடி யோசித்தேன் என்றால் என் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு விநாடி, அவன் சொன்னபடியே சொல்லிவிடலாமா என்றும் தோன்றியது. அதையும் மறைக்கவில்லை. பிறகு எழுந்து போய் டாக்டர் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"மேடம், ஆனேக்கல் பொண்ணு ஸ்லைடுல மிதந்து வந்த துண்டு ஒட்டியிருக்கு. புதன்கிழமை நான் தண்ணியை சுத்தம் பண்ணல. கோபி லீவு. நான்தான்."

"நாலு மணிக்கு வர்றேன். எதையும் தொடாதே" என்று மட்டும் சொன்னார்.

நாலு மணிக்கு வந்து இரண்டு ஸ்லைடையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார், பிறகு லென்ஸில் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பிளாக்ல மிச்சம் இருக்கறத மொத்தமா வெட்டணும், மெழுகு தீர்ற வரைக்கும்" என்றார். நான் மைக்ரோடோம் பக்கம் நகர்ந்தேன்.

"நீ வேணாம் லில்லி. கோபி வெட்டட்டும். நீ ஸ்வல்ப தள்ளி நில்லு."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன். எனக்கு மேல் என் மூன்று பாஷை அறிவிப்பு. கோபி விசிலடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் காகிதத்தை எடுத்து, எங்கள் இருவருக்கும் தெரியும்படி, தண்ணீரை இழுத்தான். மஞ்சுளாவின் பிளாக் மெழுகாகி, மெழுகும் தீர்ந்தது. எந்த ஏட்டிலும் கேன்சர் இல்லை. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு சர்ஜனுக்குப் போன் செய்து, ஆபரேஷனை நிறுத்தச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை மஞ்சுளா அதே ஜன்னலுக்கு வந்தாள். கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். கண்ணெல்லாம் அழுது வீங்கியிருந்தது, முகம் சிரித்தது.

"மாறிப்போச்சாமே மேடம். யாரு பண்ணாங்க?"

"நான்தாம்மா."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மூணு நாளா எம் பொண்ணுகிட்ட எத எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டே கெடந்தேன் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு வேறொரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை டாக்டர் மேல். ஃபோகஸ் மாறுவது எனக்கே தெரிகிறது, அவருக்கு எப்படித் தெரியாமல் போகும்? பார்க்காமலே கையெழுத்துப் போட்டாரோ? திங்கட்கிழமை சாயங்காலம் அவர் அறைக்குப் போய்க் கேட்டே விட்டேன்.

"மேடம், அது வேற மட்டத்துல இருக்குன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியலையா?"

"தெரிஞ்சுது" என்றார்.

"அப்புறம் ஏன் மறுபடி வெட்டச் சொல்லல?"

டாக்டர் மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்தார். "கோபி எடுத்ததா இருந்தா அப்பவே திருப்பி அனுப்பியிருப்பேன். ஜன்னல்ல பிடிச்சுப் பார்த்தேன். ஓரத்துல ஒரு விரல் தள்ளி இருந்துது. உன்னோடது. அதனால சைன் பண்ணிட்டேன்."

பாராட்டைக் கேட்டு அப்படி நொறுங்கிப் போனது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"இனிமே என்னையும் சந்தேகப்படுங்க மேடம்."

"சனிக்கிழமையே ஆரம்பிச்சுட்டேன்" என்றார்.

அந்த வாரமே என் ஸ்லைடு ஒன்று 'மறுபடி வெட்டவும்' என்ற சீட்டோடு திரும்பி வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், லென்ஸில் வைத்துப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. ஏன் என்று நான் போய்க் கேட்கவில்லை. பிளாக்கைத் தேடி எடுத்து, ஐஸில் வைத்துவிட்டு, கத்தியைத் துடைத்து மாட்டினேன்.